அலமாரிக்குள் இருந்த யானை

மலேசியாவின் ஈப்போவில் பேத்தியைப் பாலர் பள்ளியில் விடப் போனேன். பூட்டிய புத்தக அலமாரியிலிருந்து பாச்சை உருண்டை வாடை வந்தது.

எழுபதுகளில் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகையில் என்னை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையிலும் இதே வாடைதான். தோட்டத்துத் துரை பார்வையிட வரும் நாளில் மட்டும் ஆயா அலமாரியைத் திறந்து, ஆளுக்கொரு படப்புத்தகத்தை மடியில் விரித்து வைப்பார். என் மடியில் எப்போதும் அதே யானை. ஒருநாள் ஆசையாகப் பக்கத்தைப் புரட்டினேன். புறங்கையில் பிரம்படி விழுந்தது. துரையின் கார் கிளம்பியதும் மறுபடி பூட்டு. யானைக்கு அடுத்த பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

"ஏன் டீச்சர் பூட்டி வச்சிருக்கீங்க?"

"அதிகாரிங்க வந்தா திறப்போம் அங்கிள். சும்மா விட்டா பிள்ளைங்க கிழிச்சிருவாங்க லா."

"கிழியட்டும்," என்றேன். "சாவியக் கொடுங்க."