அண்ணனின் மூச்சு பட்ட வாழ்த்து அட்டைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் வீட்டில் அண்ணன் தன் கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்றாவது இருக்கும். பிள்ளைக்குக் காது குத்தினாலும், புது வீட்டில் பால் காய்ச்சினாலும், கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அட்டை வந்துவிடும். அட்டையோடு அண்ணனே வந்துவிடுவார் என்பதுதான் சரி. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உடன்பிறந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கோபமும் தலைகாட்டும். அது என் பிறவிக் குணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது இராஜபாளையத்தில். அப்பா தவறியபோது அவர் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார், நான் இரண்டாம் வகுப்பு. மறுமாதமே நூல் மில்லில் சேர்ந்தார். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து என்னைப் படிக்கவைத்தார், ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். மதினி வந்தார். அண்ணன் யாரிடமும் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. மிஞ்சிப்போனால் “அப்படியா” என்பார். எங்கள் குடும்பத்துக் கோபம் முழுவதையும் நான் ஒருத்தியே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு, பேத்திக்கு வாங்கிய வாட்டர்கலர் மார்க்கர் பெட்டி அண்ணன் கைக்கு வந்தது. அவள் இரண்டே நாளில் சலித்துப் போட்டதை அவர் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் எழுதி அழிக்கும் ரப்பரைப் பிளேடால் செதுக்கி ஸ்டாம்ப் செய்தார். எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழம், கூர்மூக்கு நாய், செங்கோட்டை ரயில் எல்லாம் இப்படி வந்தவைதான். மைப்பெட்டி எதுவும் கிடையாது. ரப்பர் மேலேயே மார்க்கரால் வண்ணம் பூசுவார். பழத்துக்கு மஞ்சள், காம்புப் பக்கம் பச்சை, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு. மூன்றாவது நிறம் பூசுவதற்குள் முதல் நிறம் காய்ந்துவிடும். அதனால் ஸ்டாம்பை வாயருகே கொண்டுபோய், மூக்குக் கண்ணாடி துடைக்க விடுவது போல “ஹா” என்று ஒரு மூச்சு விடுவார். அந்த ஈரத்தில் மை இளகும். உடனே தாளில் அழுத்துவார்.

முதலில் தபாலில்தான் அனுப்பினார். ஐப்பசி மழையில் ஒரு உறை நனைந்து மாம்பழம் கரைந்துவிட்டது. “மாமா, கார்டுக்கு மஞ்சக்காமாலையா?” என்று மதுரையிலிருந்து போன் வந்தது. அன்றிலிருந்து பஸ்ஸோ ரயிலோ ஏறி நேரில் கொடுக்க ஆரம்பித்தார். பேச்சுவார்த்தை விட்டுப்போன வீடுகளுக்கும் அட்டையைச் சாக்காக வைத்துக்கொண்டு போய்வந்தார்.

ஒருநாள் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது மதினி கேட்டார்.

“ஊருல அம்புட்டுப் பேருக்கும் கார்டு குடுக்கிய. எனக்கு ஒண்ணு கிடையாதா?”

“நீ வீட்டுலதான இருக்க. ஒனக்கு எதுக்கு கார்டு?”

அண்ணன் சிரித்தார். மதினியும் சிரித்துவிட்டு உள்ளே போனார். எனக்குத்தான் சுருக்கென்றது.

கடைசி ஆண்டில் நுரையீரல் கெட்டது. அதிகம் பேசவே வேண்டாம் என்றார் டாக்டர். இவரோ ஸ்டாம்புக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் என் கண்முன்னே விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க முடியாமல் தவித்தார். நான் மார்க்கர் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டேன். அவர் நன்மைக்குத்தான் செய்தேன். பன்னிரண்டு நாள் அவர் யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

மறுபடி நான் போனது ஒரு மத்தியானம். மதினி மாவு அரைக்கப் போயிருந்தார். அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ஏட்டி, சாவி வச்சிருக்கியா?”

“எதுக்குண்ணே?”

“ஒரே ஒரு கார்டு. பொறவு நீயே பூட்டிக்கோ.”

“இப்பம் யாருக்கு அவசரம்?”

“ஒங்க மதினிக்கு. அவ கேட்டப்ப சிரிச்சுட்டேன். அது சரியில்லட்டி.”

பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டாம்ப் ஏற்கெனவே தலையணைக்கு அடியில் தயாராக இருந்தது. சின்னதாக ஒரு தூக்குவாளி. “முப்பது வருசம் கட்டிக் குடுத்துருக்கா. எந்த ஷிப்டுக்கும் ஆறுன சோறு குடுத்ததில்ல” என்றார். நீலம் பூசினார், பிடிக்குச் சிவப்பு வைத்தார். வாயருகே கொண்டுபோனார். மூச்சு வரவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு ஸ்டாம்பை என்னிடம் நீட்டினார்.

“நீ ஊது.”

நான் ஊதியதில் எச்சில் தெறித்து முதல் தாள் பாழானது.

“அடுப்பு ஊதுத மாதிரி ஊதாதட்டி. செத்த நேரம் பொறு. ஹான்னு விடு, போதும்.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அவர் பூச, நான் மூச்சு விட, அவர் அழுத்த, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் ஒன்பது தூக்குவாளி பதித்தோம். கடைசியது சாய்ந்துவிட்டது. பிறகு நான் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு உள்ளே ஏதோ எழுதினார்.

மதினி வந்ததும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். “எனக்கா?” என்று கேட்டு, மாவுக் கையைச் சேலையில் துடைத்து வாங்கினார் மதினி. நின்றபடியே படித்தார். அடுப்படிக்குப் போய்ச் சுடச்சுடக் கஞ்சியோடு வந்தார். ஆறாம் நாள் அண்ணன் எங்களை விட்டுப் போய்விட்டார். பூட்டிவைத்த அந்தப் பன்னிரண்டு நாளுக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணனைத் தங்கள் தகப்பனைப்போல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் செவிலியர்களுக்கும், கரண்ட் போய் ஆக்சிஜன் மெஷின் நின்ற நேரமெல்லாம் சிலிண்டரை டூவீலரில் தூக்கிவந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஷிப்ட் முடிந்த களைப்போடு வந்து துணைக்கு உட்கார்ந்திருந்த மில் நண்பர்களுக்கும், துக்கத்தில் உடனிருந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இம்மலரின் முகப்பில் அந்தத் தூக்குவாளி அட்டையை அச்சிடப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம் என்று மதினியிடம் நான்தான் போய்க் கேட்டேன்.

“அவிய ஊருக்கெல்லாம் குடுத்தாவ. அதுல எத வேணும்னாலும் போட்டுக்கோங்க. இது எனக்கு வந்தது” என்றார் மதினி.