வெயிலில் வைத்த நாலு செல்

பழைய ஜாஸ் கச்சேரிப் பதிவுகளைத் துப்புரவு செய்வது என்னுடைய பென்ஷன் காலத்து வேலை. யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் சம்பளம் தருவதுமில்லை. விஜயநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் காலை ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அண்ணன் காப்பிக்கு வரும் பதினோரு மணிவரை எழுந்திருக்க மாட்டேன். ஸ்டூடியோவில் பதிந்த இசைத்தட்டுகள் எனக்கு வேண்டாம். யாரோ ஒரு ரசிகர் ஓட்டல் மேசையில் மைக்கை வைத்துப் பதிந்து, அதை ஒருவர் நகலெடுத்து, அந்த நகலை இன்னொருவர் நகலெடுத்து, எப்படியோ வந்து சேர்ந்த நாடாக்கள்தான் என் சரக்கு. அவற்றில் சாக்ஸபோனைவிடத் தட்டும் கரண்டியும் நன்றாகக் கேட்கும். கைதட்டல் வந்தால் ஒலி கிழிந்துபோகும். பேஸ் வாசிப்பவர் வந்தாரா, அன்றைக்கு லீவா என்றே தெரியாது.

இவற்றோடு மல்லுக்கட்டும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் சிடுமூஞ்சிகள். நானும் அதில் சேர்த்தி. இரைச்சலை இவ்வளவு எடுத்தால் டிரம்ஸில் சிம்பல் தட்டின் ஓசை செத்துப்போகும் என்று ஒருவருக்கொருவர் பாடம் எடுத்துக்கொண்டே இருப்போம். போன மாதம் என்னிடமிருக்கும் மிகப் பழைய கேசட்டிலிருந்து ஒரு நிமிடத் துண்டை அங்கே போட்டேன். அந்தக் கச்சேரிக்குப் பதிவே கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்களாம். முழுவதும் வேண்டும் என்று மொய்த்துவிட்டார்கள். நடுவில் வரும் விசில் என்ன வாத்தியம் என்று ஒருவர் விசாரித்தார். அது குக்கர்.

அந்தக் கேசட்டைப் பதிந்தவள் நான். அப்போது தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருந்தோம். கொள்ளேகாலிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அண்ணன் கல்யாண பேண்டில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். சினிமாப் பாட்டு வாசித்து அலுத்துப்போய், ரேடியோவில் எப்போதாவது வரும் ஜாஸ் மேல் பைத்தியமாக அலைந்தார். என் கல்லூரித் தோழியின் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் ஒரு சிநேகிதர் பதிந்து கொடுத்த பெரிய ஸ்பூல் நாடா ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் காலை அவர் கிளம்புகிறார், வேண்டுமானால் இன்றைக்கே வந்து நகலெடுத்துக்கொள் என்று தோழி சொன்னாள். அண்ணனோ கொள்ளேகாலில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தார். வர மூன்று நாளாகும். சரி, நாமே போய்ப் பதிந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

எங்கள் டேப் ரெக்கார்டர் செல்லில் மட்டும் ஓடுவது. செல்லோ தீர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நாலு செல்லையும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வெயிலில் வைத்தேன். மத்தியானம் சூடு பறக்க எடுத்துப் போட்டதும் ரெக்கார்டர் சுற்றியது. அது போதாதா எனக்கு? தோழி வீட்டு ஸ்பீக்கர் முன்னால் வைத்துப் பதிந்துவிட்டேன். கடைசியில் அவள் கன்னடத்தில் "ஆய்த்தா?" என்று கேட்பதும், முடிந்தது என்று நான் "ஆய்த்து" சொல்வதும் கேசட்டில் இருக்கின்றன, கீச்சுக்குரலில். எவ்வளவு சின்னப் பிள்ளைகளாக இருந்திருக்கிறோம் என்று இத்தனை வருஷமும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் கேசட்டை நீட்டினேன். இரண்டு வருஷம் அதோடு மோதினார். அதில் சாக்ஸபோன்காரர் தனியாக நீளமாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. பேய் வேகம். சுருதியும் விரலுக்கு அடங்காத சுருதி. இருக்கிற கீ அத்தனையையும் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். நாலு வரி போவதற்குள் விரல் சிக்கிக்கொள்ளும். "அவனுக விரல் வேற, நம்ம விரல் வேற அம்மிணி" என்பார். அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஒரு ஓட்டலில் ஜாஸ் குழுவுக்கு ஆள் தேடினார்கள். இவர் வாசிப்பதை ஏதோ ஒரு கல்யாணத்தில் கேட்டவர்கள், வந்து வாசித்துக் காட்டும்படி சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் போகவில்லை. அந்த வருஷமே சாக்ஸபோனை பேண்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். ரிட்டயராகும்வரை ஷிப்ட். அப்புறம் வாத்தியத்தைத் தொடவே இல்லை.

இது போகட்டும். போன வாரம் அந்தக் கேசட்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். முதலில் கரண்ட் இரைச்சலை எடுக்க வேண்டும். மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நம் ஊர்க் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கும், அமெரிக்காவில் அறுபது. பழைய பதிவுகளில் அது இசைக்கு அடியில் மெல்லிய உறுமலாகக் கிடக்கும். இருக்கும் இடம் தெரிந்தால் பிடுங்கிவிடலாம். அறுபதில் தேடினேன், இல்லை. ஐம்பதில் தேடினேன், அங்கேயும் இல்லை. கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு, ஒலியைக் கோடுகளாக வரைந்து காட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உறுமலின் கோடு அறுபத்து மூன்றில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் அறுபத்து நாலரையில் நின்றது.

உலகத்தில் எந்த ஊரிலும் இப்படி ஒரு கரண்ட் கிடையாது. அப்போதுதான் வெயிலில் வைத்த அந்த நாலு செல் நினைவுக்கு வந்தது. செல்லில் வலுவில்லாமல் ரெக்கார்டர் மெதுவாகச் சுற்றும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாமே வேகமாகும், சுருதியும் ஏறும். செல் சாகச் சாக இன்னும் ஏறும். கோட்டை இழுத்து அறுபதில் நிறுத்திவிட்டு, கேசட்டின் கடைசித் துண்டை ஓட்டினேன். "ஆய்த்து" என்றது என் குரல். கீச்சுக்குரல் இல்லை. பத்தொன்பது வயதில் எனக்கு இருந்த நிஜக் குரல். அண்ணன் மோதிய அந்த இடத்தையும் போட்டேன். வேகம் தணிந்திருந்தது. சுருதி அரைக்கட்டை இறங்கி, சாக்ஸபோனில் முதன்முதலாகக் கற்றுக்கொடுக்கும் சுருதியில் வந்து நின்றது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

இரண்டு நாள் சொல்லவில்லை. அண்ணன் வந்தார், காப்பி கொடுத்தேன், மழையைப் பற்றிப் பேசினோம். எழுபது வயதில் இதைத் தெரிந்துகொண்டு அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பயம். அவர் என்னைத் திட்டிவிடுவார் என்ற பயம்கூட இல்லை, திட்டாமல் இருந்துவிடுவாரே என்ற பயம். மூன்றாவது நாள் பொறுக்க முடியவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"ஏன், ஏதாச்சும் பண்ணிப்போட்டயா?"

"பண்ணிப்போட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். செல், கோடு, அறுபது, அறுபத்து மூன்று. நான் விளையாடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "சொல்ப சவுண்டு ஜாஸ்தி பண்ணு" என்றார். இந்த ஊரில் இருந்து இருந்து எங்கள் வீட்டில் கொஞ்சமெல்லாம் சொல்பமாகிவிட்டது. அண்ணன் குடையை மடியில் சாய்த்து வைத்திருந்தார். தனி வாசிப்பு ஆரம்பித்ததும் அவருடைய இரண்டு கையும் குடை மேல் போயின. விரல்கள் ஓட ஆரம்பித்தன. ஒரு இடத்தில் பிந்தின; தலையை ஆட்டிவிட்டு அடுத்த அடியில் பிடித்துக்கொண்டார். கடைசிவரை கூடவே போனார். கைதட்டல் வந்தது, ஒலி கிழிந்தது. நான் நிறுத்தினேன்.

"இத நான் வாசிச்சிருப்பேன் அம்மிணி" என்றார்.

"ஆமாண்ணா."

"பெங்களூருக்கும் போயிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அறுபத்தாறு வயதுப் பொம்பளை, மூக்கைச் சிந்திக்கொண்டு, "என்னாலதான் அண்ணா, நான் வெயில்ல வெச்ச செல்லாலதான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"நீ எங்க வெச்ச? நானல்லோ வெச்சேன்" என்றார். "மாடிக்கு ஏறி, சொவுத்து மேல நாலையும் வரிசையா அடுக்குனது நானு. எடுத்து உன்ற கையில குடுத்ததும் நாந்தான். உனக்கு மறந்துபோச்சு. போச்சாது விடு."

அன்றைக்கு அவர் கொள்ளேகாலில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஆமாண்ணா, மறந்துட்டேன்" என்றேன்.

"இன்னொரு தடவ போடு" என்று குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.