பலகைக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூசையன்று பகல் பதினொரு மணிக்குப் பெரியதம்பி தன் வீட்டுச் சுவரில் தொங்கிய இரண்டு மீட்டர்களையும் பார்த்தார். ஒன்றில் முள் தாழ்ந்து கிடந்தது.

கட்டிலில் புஷ்பம் தலையணையில் சாய்ந்திருந்தாள். முப்பது வருடத் துணை, இழைப்பு நோய்க்காரி. ஹந்தானை மலையில் பின்னேரம் நான்கு மணிக்கு மூடுபனி இறங்கும்போது அவளுடைய மூச்சும் அடைத்துக்கொள்ளும். மருந்தைப் புகையாக்கி ஊட்டும் மெஷின் கால் மணி நேரம் ஓடினால்தான் உயிர் திரும்பும். மண் சரிந்து பாதை மூடி மூன்று நாள். அதோடு மின்கம்பமும் சாய்ந்துவிட்டது. கூரை மேலிருந்த சோலார் பலகையும் கட்டிலடியில் இருந்த பற்றரியும்தான் அவளுக்கும் எமனுக்கும் நடுவே நின்றன. நேற்று இரண்டு தடவை மெஷின் ஓடியதில் பற்றரி வற்றிக் கிடந்தது. நான்கு மணிக்குள் அது ஏறியாக வேண்டும்.

பெரியதம்பி தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்; அதிகம் படிக்காதவர். மலையடிவாரத்துப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவியவர். கை வேலை செய்யும்போது காது அங்கத்தைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும். சோலார் பலகை சூடேறினால் தருகிற மின்சாரம் குறையும், அந்த வீண் சூட்டையும் மின்சாரமாக்கலாம் என்று அங்கேதான் கேட்டார். பழுதான தண்ணீர்க் குளிரூட்டிகளிலிருந்து தீப்பெட்டி அளவான வெள்ளை வில்லைகளைச் சேர்த்தார். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிரும் பட்டால் வில்லையில் மின்சாரம் பிறக்கும். அவற்றைப் பலகையின் முதுகில் ஒட்டி, லயத்தார் குளிக்க மலையூற்று விழும் பீலியிலிருந்து ஒரு குழாயில் மலைத்தண்ணீரைக் கொண்டுவந்து அவற்றின் மறுபக்கத்தில் ஓடவிட்டார். வில்லைகள் தந்தது சொற்பம். ஆனால் சூடு தணிந்த பலகை முன்னைவிடக் கூடத் தந்தது.

இன்று வெயில் கொளுத்தியது. பலகையின் மீட்டரோ பாதிக்கும் கீழே விழுந்து கிடந்தது.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பேசாத புள்ள, மூச்ச மிச்சம் வை."

"பேசாம இருந்தா செத்துட்டேன்னு நெனச்சிருவீங்க."

அவர் சிரிக்கவில்லை. வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. பீலிக்கு ஓடினார். பக்கத்து வீட்டு அன்னலட்சுமி பூசைப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இன்னைக்காவது அந்தக் குழாய விட்டுட்டு சும்மா இருங்க. ஆயுதத்துக்கெல்லாம் லீவு."

"அவ நெஞ்சுக்கு லீவு இல்லையேம்மா. தண்ணி ஒழுங்கா ஓடுதா?"

"கை வெறைக்கிற மாதிரி ஓடுது."

திரும்பி வந்தபோது மணி ஒன்று. அப்போதுதான் வில்லைகளுக்கான இரண்டாவது மீட்டரைச் சரியாகக் கவனித்தார். வில்லைகள் என்றுமில்லாத அளவு தந்துகொண்டிருந்தன. தண்ணீர் அதே குளிர்தான். அப்படியென்றால் பலகை வழக்கத்தை விடக் கொதிக்கிறது. வெயில் மின்சாரமாகாமல் சூடாகவே தேங்குகிறது. மேலே ஏதோ வழிமறிக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் மேடு. அங்கே நின்றால் கூரை கைக்கெட்டும். மூச்சிரைக்க ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். பலகையின் குறுக்கே தடித்த சந்தனப் பட்டை. நடுவில் குங்குமம். அதன்மேல் ஒரு செம்பருத்தி. வெயிலில் காய்ந்து ஓடாக இறுகியிருந்தது. ஒரு கட்டம் மறைந்தாலே அதன் வரிசை முழுவதும் சோர்ந்துபோகும். இங்கே எத்தனை கட்டங்கள்!

"புஷ்பம், பலகைக்கு யாரு பூசை வெச்சது?"

கூரைக்குக் கீழிருந்து அவள் குரல் வந்தது.

"நாந்தாங்க. காலையில நெஞ்சு லேசா இருந்திச்சு, மெல்ல நடந்து போய் வெச்சேன். தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கு வெக்கிறோம், அம்மிக்கு வெக்கிறோம். எனக்கு மூச்சு குடுக்கிறது அதுதானே."

பெரியதம்பியின் கண் கலங்கியது. தோளில் கிடந்த துண்டைக் குழாய்த் தண்ணீரில் நனைத்தார்.

"அழிச்சிராதீங்க. நாளைக்குத்தான் எடுக்கணும். இன்னைக்கு அழிச்சா ஆவாது."

"பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் சொல்லை மீறினார். கண்ணாடி கீறாமல் ஊறவைத்து, நகத்தால் தட்டி, துடைத்து முடிக்க அரை மணி நேரம் பிடித்தது. கரைந்த சந்தனத்தில் ஒரு துளி எடுத்துப் பலகையின் அலுமினியச் சட்டத்தில் பொட்டாக வைத்தார். செம்பருத்தியைக் கூரைக் கம்பியில் செருகினார். உள்ளே மீட்டர் ஏறியது.

மூன்றரைக்கே முதல் மேகம் வந்துவிட்டது. நான்கு மணிக்கு மூடுபனி வாசலை மறைத்தது. புஷ்பத்தின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது.

மெஷினைப் போட்டார். ஐந்து நிமிடம். பத்து. பன்னிரண்டாவது நிமிடத்தில், மின்சாரம் முடியப்போகிறது என்று கட்டிலடியில் எச்சரிக்கைச் சத்தம் கேட்டது. கிண்ணத்தில் இன்னும் மருந்து இருந்தது. அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் நெருங்கி நெருங்கி ஒலித்தது. கடைசிச் சொட்டு புகையாகி முடிந்து சற்று நேரத்தில் எல்லாம் ஒரேயடியாக அடங்கியது.

அந்த அமைதியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. சீராக.

"சந்தனத்த எங்க வெச்சீங்க?"

"சட்டத்துல. குங்குமந்தான் கரைஞ்சு போச்சு."

"நாளைக்கு வெச்சிருங்க. ஓரத்துல."

அவர் தலையசைத்தார். பற்றரியில் இனி ஒன்றுமில்லை. நாளை வெயில் வருமோ என்று வாசலில் நின்று பார்த்தார். மலை தெரியவில்லை. பீலித் தண்ணீர் விழும் ஓசை மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது.