முசேயின் குறடும் ரங்கூன் வாய்களும்

எந்தக் கடைக்கும் ஜனங்கள் தாமாக நடந்து வருவார்கள். பல் டாக்டரிடம் மட்டும் யாராவது இழுத்துக்கொண்டு வந்து விட்டால்தான் உண்டு. அப்படி இழுத்து வரப்பட்டவர்களின் தலையைப் பிடித்துக்கொள்வதுதான் எனக்கு வேலை. இதைப் படிக்கிற நீங்களும் ஒரு நாள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தவராகத்தான் இருப்பீர்கள். ஆகவே நமக்குள் அறிமுகம் தேவையில்லை.

நான் காரைக்கால்காரி. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தேன். என் வீட்டுக்காரருக்குக் கப்பல் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்து ரங்கூனுக்கு வந்தோம். பர்மிய பாஷை கடைத்தெருவில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஊருக்கு நடுவே பபேடான் பேட்டையில் ஒரு மாடியில் வைத்தியம் பார்த்த பிரெஞ்சுப் பல் டாக்டருக்கு மூன்று பாஷையும் தெரிந்த ஒரு பெண்பிள்ளை வேண்டியிருந்தது. பெண்கள் அவர் முன்னால் வாயைத் திறக்க மாட்டோம் என்றார்களாம். காரைக்கால் வழக்கப்படி, பிரெஞ்சில் ஐயா என்கிற அர்த்தத்தில், நான் அவரை 'முசே' என்பேன். அவர் என்னை 'மரி' என்பார். வருகிறவர்களுக்கு அவர் தொரை, நான் அக்கா.

பாலத்து வைத்தியர்

ஒரு நாள் எங்கள் மாடிக்கு நேர் கீழே தவில் சத்தம் காதைப் பிளந்தது. எட்டிப் பார்த்தால் மாரியப்பன் என்று ஒரு தெருப் பல்பிடுங்கி, சேலத்துப் பக்கத்து ஆள், ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் பிடுங்கிய பற்களைக் கோத்த மாலை. குறடு வாய்க்குள் போகிற நேரம் பார்த்துத் தவில்காரர் வெளுத்து வாங்குவார். உட்கார்ந்திருப்பவன் போடுகிற கூச்சல் அடுத்தவனுக்குக் கேட்காது.

முசே குறட்டைக்கூடக் கீழே வைக்காமல் படியிறங்கி ஓடினார். சண்டைதான் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவரோ மாரியப்பன் எதிரே நின்று கண் பளபளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "மரி, இவருக்குச் சொல். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் ஆற்றுப் பாலத்தின் மேல் எங்கள் ஆட்களும் இப்படித்தான் பல் பிடுங்கினார்கள். இதே மாதிரி மேளம், ஊதுகுழல், பல்மாலை எல்லாம் உண்டு. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை!" என்றார்.

நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மாரியப்பன் முசேயை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜமுக்காளத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"அப்போ தொரையும் நம்ம ஆளுதானா? உக்காரச் சொல்லு தாயி."

தரையில் ஒரு வைத்தியம்

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து படகேறி ஒரு அம்மாள் வந்தாள். பெயர் காமாட்சி, வயல் வேலை செய்கிறவள். வெள்ளைக்காரர் நிற்கும்போது தான் நாற்காலியில் உட்காருவதா என்று மறுத்துவிட்டாள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன். சுவரோரமாகத் தரையில் சம்மணம் போட்டவள் அசையவே இல்லை.

முசே சிரித்தார். அந்தக் காலத்தில் பிரான்சிலும் தரையில் உட்கார வைத்து, தலையை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டுதான் பிடுங்குவார்களாம். அது தப்பு, பல் நோயாளியைச் சாய்வு நாற்காலியில் உட்கார வை என்று புத்தகம் எழுதி மாற்றியதே ஒரு பிரெஞ்சு வைத்தியர்தானாம். "அந்தப் பெரியவர் இன்றைக்கு ஒரு நாள் என்னை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றித் தரையில் மண்டியிட்டார். காமாட்சியின் தலை என் மடியில். ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருந்து, பல்லை எடுத்து முடித்தோம். அவள் வாய் கொப்பளித்துவிட்டு எழுந்து நின்றாள். முசே எழவில்லை. காமாட்சிதான் முதலில் கவனித்தாள்.

"யக்கா, எனக்குத் தாடை மரத்துப்போச்சு, தொரைக்குக் கால் மரத்துப்போச்சு. ஆளுக்கொரு கையாப் பிடிச்சுத் தூக்கலாம் வாங்க."

மேஸ்திரியின் குரல்

ஆறுமுக மேஸ்திரி துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களை மேய்க்கிறவர். அவர் குரல் கொடுத்தால் கப்பல் மேல்தட்டில் நிற்பவனும் திரும்புவான் என்பார்கள். ஒரு தடவை இரும்புக் கொக்கி மோதி முன்வரிசைப் பற்கள் மொத்தமும் போய்விட்டன. அதற்குப் பிறகு அவர் "தூக்குடா!" என்றால் வெறும் காற்றுதான் வந்தது. ஆட்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் எதிரிலேயே சிரித்தார்கள். வேறு மேஸ்திரி போடலாமா என்று மேலே பேச்சு நடப்பதாகச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பல் கட்டிக்கொள்ள அவருக்கு ஆசைதான். ஆனால் ஒரு பயம். "அக்கா, நெசத்தைச் சொல்லுங்க. அது செத்தவன் பல்லுதானே?" என்றார். முசேயைக் கேட்டேன். கேட்டதை மறைக்கிற மனிதர் இல்லை அவர். ஒரு காலத்தில் அப்படியும் நடந்தது, சண்டைக்களத்தில் செத்துக் கிடந்த சிப்பாய்களின் பல்லைக்கூட எடுத்து விற்றார்கள் என்றார். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் விழிப்பதற்குள், மேலும் சொன்னார்: பாரிஸ் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் தந்தத்தில் செய்த பல்லைக் கட்டியிருந்தாராம். கடையில் இருந்த மருந்து நாற்றமெல்லாம் அதில் ஏறி அவரால் வாயை மூட முடியவில்லையாம். பீங்கான் கோப்பையில் எந்த நாற்றமும் தங்குவதில்லையே, பல்லையும் பீங்கானில் செய்தால் என்ன என்று அவருக்குத்தான் தோன்றியதாம். பீங்கான் என்று கேட்டதும் மேஸ்திரிக்கு உயிர் வந்தது. கோப்பையில் தினமும் வாய் வைக்கிறோம், வாயில் கோப்பையை வைத்தால் என்ன என்று ஒப்புக்கொண்டார்.

பல் கட்டிக்கொண்டு போனவர் சில வாரம் கழித்து வந்தார். குரல் கணீரென்று இருந்தது, முகம் மட்டும் வாடியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"பல்லு இல்லாதப்ப நான் திட்டறது ஒருத்தனுக்கும் புரியலை. இப்ப ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழுதாம், ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு வேலைக்கு வரலை!"

வெள்ளைப் பல்

டோ மியா பசுந்தாங் கடைத்தெருவில் நாப்பி விற்கிறவள். அந்தக் கருவாட்டு விழுதின் வாசனை அவளுக்கு முன்னால் படியேறி வந்துவிடும். காலமெல்லாம் வெற்றிலை போட்டு அவள் பற்கள் கருஞ்சிவப்பாக இருக்கும். ஒரு கடைவாய்ப்பல்லை அடைக்கத்தான் வந்தாள். முசேக்கு அன்றைக்கு உற்சாகம். மற்ற பற்களையும் சுரண்டித் தேய்த்து முத்து மாதிரி ஆக்கிவிட்டுப் பெருமையோடு கண்ணாடியை நீட்டினார். டோ மியா பார்த்தாள், கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள், பிறகு என்னிடம் பர்மியத்தில் கேட்டாள்.

"மா மரி, இந்த வாயோடு கடையில் உட்கார்ந்தால், யாரோ புதுசாக வந்தவள் என்று எல்லாரும் விலையைக் குறைத்துக் கேட்க மாட்டார்களா?"

ராஜத்தின் தாடை

சிரிக்க முடியாத நாளும் உண்டு. ரெயில்வேயில் ஃபிட்டராக இருந்த சின்னத்தம்பியும் அவருடைய பர்மிய மனைவி மா ஷ்வேயும் ஒரு காலையில் தங்கள் மகள் ராஜத்தை ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அறிவுப்பல் முளைக்கிற இடத்தில் சீழ் பிடித்து, வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. வாய் திறக்கவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

முசே தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஆஸ்பத்திரி வரைக்கும் போக நேரமில்லை. தாடைக்குக் கீழே வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும். தழும்பு நிற்கும் என்று சொல்" என்றார். சொன்னேன். சின்னத்தம்பி, "முகத்திலயா? மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்னம்மா பதில் சொல்வேன்? களிம்பு ஏதாச்சும் தடவச் சொல்லுங்க" என்று தவித்தார். மா ஷ்வே வீட்டில் பர்மியம்தான் பேசுவாள். அன்றைக்குக் கணவருக்குப் புரியட்டும் என்று தமிழில் கத்தினாள்: "மொகம் போனா போவட்டும். எம் மக மூச்சு விடணும். வெட்டச் சொல்லு!"

நான் ராஜத்தின் தலையை என் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் விரல்கள் என் புடவையைக் கசக்கின. கத்தி இறங்கியது, சீழ் கொட்டியது. அந்த நாற்றத்தை என்னால் எழுத முடியாது. பிறகு ஒரு பெரிய மூச்சு வந்தது, அடுத்து இன்னொன்று. மா ஷ்வே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முசே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.

வீக்கம் வடிந்தபின் கட்டுப் பிரிக்கிற அன்று மாப்பிள்ளையின் அம்மாவும் கூட வந்தாள். ராஜத்தின் முகவாயைத் தூக்கித் தழும்பைப் பார்த்தாள். சின்னத்தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள், "இது கெடக்குது. புள்ள இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டாளே, அவளுக்கு எதுவும் சாப்பிடக் குடுக்கறீங்களா இல்லையா?" என்று சம்பந்தியம்மாளிடம் சண்டைக்குப் போனாள். ராஜம் முதல் தடவையாக முழு வாயையும் திறந்தாள்.

"அக்கா, மீன் குழம்பு ஊத்தின மொஹிங்கா சேமியா சாப்பிடலாமான்னு தொரையைக் கேளுங்களேன்."

டாக்டருக்கு வந்த பல்வலி

கடைசியில் முசேக்கே பல்வலி வந்தது. ஊரில் வேறு பல் டாக்டர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் நம்பவில்லை. ஒரு நாள் முழுக்கக் கிராம்புத் தைலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மரி, நீயே எடு" என்றார். ஊசியை எடுத்தேன். ரங்கூனில் பாதிப் பேருக்கு ஊசி குத்திய அந்த மனிதர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, "ஊசி மட்டும் வேண்டாம்" என்றார்.

அவர் கையில் ஒரு கண்ணாடி, என் கையில் குறடு. இடது பக்கம் சாய், கொஞ்சம் ஆட்டு, அவசரப்படாதே என்று குழறல் பிரெஞ்சில் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பாவமாக இருந்தது. வருகிறவர்களிடம் அவர் எப்போதும் சொல்கிற அதே குரலில், "வலிக்கவே வலிக்காது, முசே" என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"மரி, அந்தப் பொய்யை நான் சொன்னால்தான் அது வைத்தியம்."

முசேயின் அந்தப் பல்லையும் பிடுங்கி, இத்தனை பேருடைய வாய்க்குள் எட்டிப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: பல்லைப் பிடுங்கின பின்தான் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள், அதுவும் வாயில் பஞ்சு அடைத்திருப்பதால் பாதிதான் புரிகிறது.