திரையின் பின்பக்கம்

என் அக்கா ஹலீமா, நான் லாத்தா என்று கூப்பிடுபவர், மௌத்தாகி, அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறது. ஊரார் பேசிக்கொள்ளும்படி அவர் வாழ்வில் எதுவும் நடக்கவில்லை. மலாக்காவின் காஜா பேராங்கில் பிறந்தார். அங்கேயே மசாலா அரைத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தார். எனக்குத் தெரிந்த ஓர் இரவை மட்டும் எழுதுகிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மாதத்தில் பாடகி கமலவேணி மலாக்காவில் கச்சேரி செய்தார். மலாய்ப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் கலந்து பாடுவார். இளவட்டங்கள் நாற்காலிமேல் ஏறி நிற்பார்கள். அன்று அதைப் படம் பிடித்தார்கள். தபேலா வாசித்தவர் லாத்தாவின் கணவர், யூனுஸ் மச்சான். பகலில் தெங்கேராவில் ஒரு மளிகைக் கடையில் எடை போடுவார். அவர் வாசிப்பதை லாத்தா ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

"பாட்டுக்காரி பின்னால நீங்க உக்காந்திருக்கறத நான் வேற வந்து பாக்கணுமா?" என்பார்.

மச்சான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நவம்பரில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் அவர் போய்விட்டார். வீட்டில் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை.

மார்ச்சில் அரசாங்கப் பட வேன் ஒலிபெருக்கியோடு எங்கள் தெருவுக்கு வந்தது. கமலவேணியின் கச்சேரி படமாக வெளிவந்திருக்கிறது, இன்றிரவு பாடாங் திடலில் ஒரே காட்சி என்றார்கள். லாத்தாவின் இத்தா முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டும். இரவில் வாசல் தாண்டக்கூடாது.

"பதினொரு நாள் கழிச்சு வரச் சொல்லேன் தம்பி" என்றார் லாத்தா. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்கு எதிரே இருந்த திடலுக்கு ஓடினேன்.

திரை எங்கள் வீட்டுச் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றது. படம் ஓட்டுபவர் பெயர் சேதுபதி.

"அண்ணே, திரையத் திருப்பிக் கட்ட முடியுமா?"

"பாடாங் முழுக்க பாய் விரிச்சு உக்காந்தாச்சு. எல்லாரையும் எழுப்பி உங்க அடுப்படியில உக்கார வைக்கவா?"

காரணத்தைச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"ரெண்டு வாளி தண்ணி கொண்டா. துணி நனைஞ்சா பின்னாலயும் நல்லாத் தெரியும்."

ஏணியில் ஏறி நனைத்தோம். கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டு மருதமுத்து கத்தினார்: "என்னப்பா, துணி துவைக்கிறீங்களா? அப்படியே நீலமும் போட்டுருங்க!"

வீட்டு விளக்கை அணைத்துவிட்டு லாத்தாவும் நானும் சன்னலருகே நின்றோம். முதல் இரண்டு பாட்டிலும் கமலவேணியே திரையை நிறைத்தார். மூன்றாவதில் மச்சானின் முகம் வந்தது, பெரிதாக. அவர் இடதுகைக்காரர். பின்பக்கத்திலிருந்து பார்த்ததால் வலது கைதான் ஓங்கி அடித்தது.

"கை மாறிப்போச்சே" என்றார் லாத்தா.

அப்போது மச்சான் நிமிர்ந்து யாரையோ பார்த்துச் சிரித்தார். வாய் விட்டு, கண் சுருங்க.

"இப்படிச் சிரிப்பாங்களா?"

"மேடையில எப்பவும் இப்படித்தான் லாத்தா."

சொல்லியிருக்கக் கூடாது. லாத்தா மெல்லச் சன்னலைச் சாத்தினார்.

"இன்னும் ஒரு பாட்டு இருக்கு லாத்தா."

"நீ போய்ப் பாரு. எனக்கு யாரு வீட்டையோ எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு."

நான் போகவில்லை. லாத்தாவும் சன்னலை விட்டு நகரவில்லை. சாத்திய பலகையில் காதை வைத்து, கடைசிப் பாட்டு முடியும்வரை தபேலாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.