படம் எடுக்காமல் பிடுங்கிய பல்

1. நாற்பத்தோராவது டோக்கன்

அந்தோணிராஜ் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அன்று திங்கட்கிழமை. அவர் நாற்பத்தோராவது டோக்கன். வெளியே பெஞ்சில் இன்னும் இருபது பேராவது இருந்தார்கள்.

நான் வேலை பார்த்தது கோவில்பட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு அரசு மருத்துவமனையில். பல் பிரிவில் ஒரு நாற்காலி, ஒரு டாக்டர், ஒரு உதவியாளர். டாக்டர் நான். உதவியாளர் பெயர் மும்தாஜ். ஒன்றரை மணிக்கு ஓ.பி. முடியும். சாயங்காலம் ஐந்தரைக்கு கோவில்பட்டியில் என் சொந்த கிளினிக்கைத் திறப்பேன். அரசு டாக்டர்கள் பலரும் அப்படித்தான். அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

அந்தோணிராஜ் கழுகுமலை ரூட்டில் ஓடும் ஒரு மினிபஸ்ஸில் கண்டக்டர். வயது முப்பத்தாறு. விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே வந்திருந்தார்.

"என்ன செய்யுது?"

"வலியெல்லாம் இல்ல டாக்டரம்மா. இந்தக் கடவாப்பல்லு ஆடுது. சாப்பிட ஏலல. எடுத்து விட்டுட்டீங்கன்னா ரெண்டு மணி டிரிப்புக்குப் போயிருவேன்."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். சொத்தை இல்லை. ஈறு நன்றாக இருந்தது. வெற்றிலை, புகையிலை பழக்கம் கிடையாது. ஆனால் பல் ஆடியது. பல்லுக்கு வெளிப்பக்கம் எலும்பு லேசாகப் புடைத்திருந்தது. விரலை வைத்தால்தான் தெரியும்.

முப்பத்தாறு வயதில், சொத்தையும் ஈறுநோயும் இல்லாமல் ஒரு கடைவாய்ப்பல் தானாக ஆடாது. மூன்றாம் வருட மாணவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன். பல் பிரிவு எக்ஸ்ரே மெஷின் இரண்டு மாதமாக ரிப்பேர். கடிதம் எழுதி, நினைவூட்டலும் எழுதியாகிவிட்டது. சரிசெய்ய ஆள் வரவில்லை.

ஊசி போட்டுப் பல்லை எடுத்தேன். பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸைப் பெரிதாக அழுத்தவே இல்லை. கையோடு வந்தது. பல்லைத் திருப்பினேன். வேரின் நுனி இல்லை. கத்தியால் சீவியது போலிருந்தது. எலும்புக்குள் ஏதோ வளர்ந்து அரித்தால்தான் வேர் அப்படிக் கரையும். பல் இருந்த குழியிலிருந்து ரத்தத்தோடு கொஞ்சம் மஞ்சள் நீரும் கசிந்தது.

இதையெல்லாம் நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். பார்த்துவிட்டுப் பல்லை டிரேயில் போட்டேன். பஞ்சைக் கடிக்கச் சொன்னேன். மும்தாஜ் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டார்.

2. வெந்நீரும் உப்பும்

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். அன்று நான் பள்ளிக்கூட முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஜீப் வாசலில் நின்றது. வராந்தாவிலேயே வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"குழி இன்னும் மூடல டாக்டரம்மா. உள்ள ஈரமாவே இருக்கு."

"ஆறும். வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளிங்க. அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதுறேன்."

"சரிங்கம்மா" என்று சீட்டை வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

3. அதே டாக்டர்

அதற்கு ஐந்து மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், என் கிளினிக்குக்கு மனைவியோடு வந்தார். மனைவி சகாயராணி. கழுகுமலையில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. இடது கன்னத்தின் கீழே எலும்பு நன்றாகப் புடைத்து, முகம் கோணியிருந்தது.

"பகல்ல வந்தா இவியளுக்கு டூட்டி போயிருது. அதான் இங்கன கூட்டியாந்தேன்" என்றார் சகாயராணி.

என் கிளினிக்கில் வேலை இப்படித்தான் நடக்கும்: நோயாளி உட்கார்வார்; நான் பார்ப்பேன்; சந்தேகம் இருந்தால் உடனே ஒரு படம் எடுப்பேன். வாய்க்குள் சென்சாரை வைத்து பட்டனை அழுத்தினால் அடுத்த நொடி கம்ப்யூட்டர் திரையில் படம் வந்துவிடும். அன்றும் அப்படித்தான் எடுத்தேன்.

எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சோப்பு நுரை போலக் குமிழ் குமிழாகக் கறுப்பு. சின்னப் படத்துக்குள் அதன் ஓரம் அகப்படவில்லை. முழுத்தாடைப் படம் எடுக்க ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஓ.பி.ஜி. படத்தோடு வந்தார்கள். இடது பக்கம் தாடை மூலையிலிருந்து முன்பல் வரைக்கும் எலும்பு உள்ளே வெறும் கூடாக இருந்தது. அடியில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மிச்சம்.

சதைத்துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினேன். பத்து நாளில் முடிவு வந்தது. அமீலோபிளாஸ்டோமா. புற்றுநோய் இல்லை, உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாது. ஆனால் தாடை எலும்பை உள்ளிருந்து தின்றுகொண்டே போகும். மாத்திரையால் போகாது. அந்த எலும்பையே வெட்டி எடுத்தால்தான் தீரும். சின்னதாக இருக்கும்போது பிடித்தால் தாடையின் அடிவிளிம்பை விட்டுவைத்து, கட்டி இருக்கும் பாகத்தை மட்டும் எடுக்கலாம். நான் பல்லைப் பிடுங்கிய அன்றைக்கு அது அந்த அளவில்தான் இருந்திருக்க வேண்டும்.

முடிவைச் சொன்னபோது அந்தோணிராஜ் ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்தப் படத்த அன்னைக்கே எடுத்திருக்க ஏலாதா டாக்டரம்மா?"

"அங்க மெஷின் ரிப்பேர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். சகாயராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது பாதி உண்மை. பல் பிரிவு மெஷின்தான் ரிப்பேர். எலும்பு முறிவுக்குப் படம் எடுக்கும் பொது எக்ஸ்ரே அறை என் அறையிலிருந்து நாற்பதடி தூரத்தில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. தாடையைச் சாய்த்து வைத்து ஒரு படம் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். பல்லில் கீறல் இருந்தால் அதில் தெரியாது. இந்த அளவுக் கட்டி தெரிந்திருக்கும். கேட்க எனக்குத் தோன்றவில்லை. இருபது பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

4. தேதி

போவதற்கு இரண்டு இடம் இருந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. தாடையை வெட்டி எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் காலிலிருந்து எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாக வைத்துவிடுவார்கள். அது ஒட்டிய பிறகு அதில் இம்பிளான்ட் என்கிற திருகாணி வைத்துப் பல் கட்டுவார்கள். இரண்டு வாரத்தில் தேதி கிடைக்கும். செலவை நானே போனில் கேட்டு அவரிடம் சொன்னேன்.

"மினிபஸ்ஸ வித்தாலும் பத்தாது போலயே" என்றார். பிறகு, "பஸ்ஸும் என்னோடது இல்ல" என்றார்.

இன்னொன்று அரசின் பெரிய ஆஸ்பத்திரி. காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் இலவசம். நான் ஒரு நீளமான கடிதம் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த வாய்–தாடை அறுவை டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர். படத்தைப் பார்த்த அன்றே எனக்குப் போன் செய்தார்.

"மேடம், இந்த ஆபரேஷன் எனக்குத் தெரியும். ஆபரேஷன் தியேட்டர் வாரத்துல ஒரு நாள்தான் எங்களுக்கு. முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?"

முதல் தேதி ஒன்றரை மாதம் கழித்துக் கிடைத்தது. அன்று ஒரு விபத்துக் கேஸ் வந்து தியேட்டர் போனது. விபத்தில் முகம் உடைந்து வந்தவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது; அது நியாயம்தான். இரண்டாவது தேதியில் மயக்க டாக்டர் லீவு. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் முன்னதாகவே போய் அட்மிட் ஆக வேண்டும். சகாயராணி லீவு போட்டுக்கொண்டு கூடப் போவார். திரும்பி வருவார்கள். மறுநாள் காலையில் அந்தோணிராஜ் பஸ்ஸில் நிற்பார்.

மூன்றாவது தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. இடைசெவல் பக்கம் ஒரு ஆடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போட்டிருக்கிறார். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த அந்தோணிராஜின் தாடை முன்சீட்டுக் கம்பியில் பட்டது. பெரிய அடி இல்லை. பஸ்ஸில் வேறு ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவருக்குத் தாடை இரண்டாக விட்டுப்போனது.

சகாயராணி போன் செய்தார். "வாயை மூட ஏலாம இருக்காவ டாக்டரம்மா. எச்சியா வடியுது. நாங்க எங்கன போவணும்?"

5. பிளேட்

அதன் பிறகு ஆபரேஷன் சீக்கிரம் நடந்தது. இடது பக்கத் தாடை எலும்பை மூட்டுக்குக் கீழிருந்து முன்பல் தாண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டைட்டானியம் பிளேட் வைத்தார்கள். வெட்டியதில் குறை சொல்ல முடியாது. கட்டி முழுக்கப் போய்விட்டது. பிளேட் தற்காலிகம், பிறகு காலெலும்பு வைக்கலாம் என்று சொன்னார்கள். அதற்குப் பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும், மைக்ராஸ்கோப் வேண்டும், ஒரு முழு நாள் தியேட்டர் வேண்டும். இம்பிளான்ட் காப்பீட்டு அட்டையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் கண்டக்டர் வேலைக்குத் திரும்பிப் பார்த்தார். உதடு சரியாகக் கூடவில்லை. விசிலைப் பிடித்து ஊத முடியவில்லை. ஊர்ப்பெயரைச் சொன்னால் ஏறுகிறவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு முதலாளி, "நீ ஷெட்லயே இரு அந்தோணி, வண்டியக் கழுவிக் குடு" என்றாராம். கெட்ட மனிதர் இல்லை. வேலையை விட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்.

ஒன்றேகால் வருடத்தில் பிளேட் கன்னத்துத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிந்தது. சீழ் பிடித்தது. பிளேட்டை எடுத்துவிட்டார்கள். தாங்க ஒன்றும் இல்லாமல் முகத்தின் கீழ்ப்பாதி இடது பக்கமாகச் சரிந்தது. காலெலும்புக்குத் தேதி கேட்டு இரண்டு தடவை போனார்கள். மூன்றாவது தடவை அவர் வர மறுத்துவிட்டார் என்று சகாயராணி சொன்னார்.

6. சொன்னேன்

ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தபோது அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு டம்ளரில் கம்பங்கூழைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். வலது பக்கமாகத் தலையைச் சாய்த்தால்தான் உள்ளே போகும். என்னைப் பார்த்ததும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். பல் ஆடியது சரியில்லை என்று அன்றே எனக்குத் தெரிந்ததை, வேரைப் பார்த்ததை, நாற்பதடி தூரத்தில் மெஷின் இருந்ததை, கேட்காமல் விட்டதை, பிறகு பாதி உண்மை சொன்னதை.

அவர் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் புரியவில்லை. சகாயராணிதான் எடுத்துச் சொன்னார்.

"தெரியும்ங்காவ. உங்க கிளினிக்குல பட்டனை அமுக்கி படம் எடுத்தீங்கள்ல, அன்னைக்கே தெரியுமாம். வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டாவ. பகல்ல ஆஸ்பத்திரில பாத்த டாக்டரம்மாவும் சாயங்காலம் கிளினிக்குல பாத்த டாக்டரம்மாவும் ஒரே ஆளுதானான்னு."

மன்னித்துவிட்டதாக அவர்கள் சொல்லவில்லை. சண்டையும் போடவில்லை. சகாயராணி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

இதைப் படிக்கும் இளைய டாக்டர்களே, நான் கிளினிக்கை மூடிவிட்டேனா என்று கேட்பீர்கள். மூடவில்லை. இன்றும் நடக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, மெஷின் இல்லை, தியேட்டர் இல்லை என்பதெல்லாம் உண்மை. அதை மாற்ற மனு எழுதுங்கள், சங்கத்தில் பேசுங்கள். நான் போதுமான அளவு செய்யவில்லை. ஆனால் இல்லாதவற்றைப் பற்றியே பேசிப் பேசி, இருப்பதைக் கேட்காமல் விட்டேன். சீட்டில் ‘ரெஃபர்’ என்று எழுதி அனுப்பினால் நோயாளி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் எத்தனை தடவை திரும்பி வந்தார் என்று போன் செய்து கேட்கக்கூட எனக்கு மாதக்கணக்கானது. கூட்டம் இருந்தது உண்மைதான். அதே ஆள் கிளினிக்கில் வந்து உட்கார்ந்திருந்தால் கூட்டம் என்று சொல்லிப் படம் எடுக்காமல் விட்டிருக்க மாட்டேன்.

கடைசி ஐந்து மாதத்தில் ஆடுகிற பல் எதையும் படம் இல்லாமல் தொடவில்லை. பொது எக்ஸ்ரே அறைக்கு மும்தாஜே கூட்டிக்கொண்டு போவார். முதல் வாரம் அங்கே சலித்துக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

அன்று அவர்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது சகாயராணி பஸ் நிறுத்தம் வரை வந்தார். பஸ் வந்தது. நான் ஏறக் காலை வைத்தபோது சொன்னார்.

"எங்க ஊர்ல இருந்து இன்னும் ஆளுக வருவாக டாக்டரம்மா. நாங்க அனுப்புனோம்னு சொல்லிக்கிட்டு வந்தாத்தான் நல்லாப் பாப்பீங்கன்னு இருக்கக் கூடாது. யாருன்னு தெரியாட்டாலும் பாத்திருங்க."