மஞ்சள் விளக்கடியில்

தெருவில் அவனை மஞ்ச பல்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பனியன்களிலும் துணிப்பைகளிலும் கம்பெனிப் பெயர்களை அச்சிட்டுக் கொடுப்பது தொழில். ஒற்றை அறை வீடு. நடுவே பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அடுப்பும் பாயும், இந்தப் பக்கம் அச்சு மேசை. தடுப்பு கூரையை எட்டவில்லை.

அச்சடிக்க, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் மருந்து தடவிக் காயவைக்க வேண்டும். அப்போது பகல் வெளிச்சம் பட்டால் மருந்து இறுகிவிடும், வேலை பாழ். மஞ்சள் வெளிச்சம் மட்டும் ஒன்றும் செய்யாது. ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டி, வாசலில் கனத்த திரை தொங்கவிட்டிருந்தான். வீடு முழுக்க எரிந்தது மஞ்சள் விளக்குதான். கல்யாணமாகி வந்த புதிதில் மனைவி, "என்னங்க, மாம்பழத்துக்குள்ள குடிவந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். பிறகு பழகிவிட்டது.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "கண்ணு, உடம்பு மஞ்சளாகுதான்னு தினமும் பாருங்க. லேசா வந்தா தானா போயிடும். ஏறிச்சுன்னா உடனே தூக்கிட்டு வந்துடணும்."

பார்த்தார்கள். அவன் ஏனோதானோவென்று பார்க்கிறவன் இல்லை. எழுந்ததும் குழந்தையை விளக்கடியில் பிடித்து, இமையை விரலால் விலக்கி, நெற்றியை அழுத்திப் பார்த்தான். மனைவியும் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"உங்க கலரு வரல, நல்லவேளை" என்றாள்.

குழந்தை தூங்கியபடியே இருந்தது. பால் குடிக்க ஆரம்பித்ததுமே கண் சொருகியது.

"தங்கமான புள்ள. அப்பாவுக்கு வேலை கெடக்குன்னு தெரிஞ்சு தூங்குது" என்றான் அவன்.

குழந்தையைப் பார்க்க அவன் அக்கா வந்தாள். உள்ளே புழுக்கம் தாங்காமல் குழந்தையோடு திரையை விலக்கி வாசலுக்குப் போனாள்.

"டேய்! இங்க வாடா! ஓடி வாடா!"

மை படிந்த கையோடு ஓடினான். வெயிலில் குழந்தை உள்ளங்கால்வரை மஞ்சளாக இருந்தது. கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

"ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஆஸ்பத்திரியில் குழந்தை கீச்சென்று வேறு மாதிரி அழுதது; முதுகை வில்லாக வளைத்தது. ரத்தத்தில் பிலிரூபின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் சொன்னார்: ரத்த அணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் பொருள் அது, ஈரல்தான் அதை வெளியேற்ற வேண்டும், பச்சைக் குழந்தையின் ஈரலுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, அளவு மீறினால் மூளையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"வீட்ல யாரும் பாக்கலையா?"

"தினமும் பாத்தோம் சார். லைட்டுல வெச்சுப் பாத்தோம்."

"என்ன லைட்டு?"

சொன்னான். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. அதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைத் துணியில் மஞ்சள் மை அடித்தால் அந்த அறையில் அடித்த தடமே தெரியாது. தெருவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை அடிப்பான்.

மனைவிக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "பனியனத் தூக்கிட்டு வெளிய ஓடுவீங்களே" என்றாள். "ஒரு நாள் இவளத் தூக்கிட்டு ஓடியிருக்கக் கூடாதா?"

"காத்து படும், வெளிய தூக்காதீங்கன்னு நீதானே..."

"ஆமா. நாந்தான். எல்லாம் நாந்தான்."

ரத்தத்தை மாற்றினார்கள். நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். தோலில் தேங்கிய மஞ்சளை இந்த வெளிச்சம்தான் உடைத்து வெளியேற்றும் என்றாள் நர்ஸ். அவன் கண்ணாடிக்கு வெளியே நின்றான். மருந்தைக் கெடுத்துவிடும் என்று இத்தனை வருஷம் ஒரு கீற்றுக்கூட நுழையாமல் அடைத்துவைத்தது வெயிலோடு வரும் இந்த நீலத்தைத்தான்.

குழந்தை பிழைத்தது. கழுத்து நிற்கத் தாமதமானது. கைகள் தம் இஷ்டத்துக்குத் திருகிக்கொண்டன. காது கேட்கவில்லை என்பது தெரியவர இன்னும் நாளானது.

"உசுரோட இருக்கே, அது போதாதாடா" என்றாள் அக்கா.



அவன் ஜன்னல் தாளைக் கிழித்தெறிந்தான். சந்துக்கோடியில் ஒரு ஷெட் பிடித்துத் தொழிலை அங்கே மாற்றினான். மகள் ஜன்னலோரம் தலையணை முட்டுக்கொடுக்க உட்கார்ந்திருப்பாள். வேலை முடிந்து வருகிறவன் செருப்பைக் கழற்றும் முன்பே அவளைக் கூப்பிடுவான். முந்தைய நாளைவிடக் கொஞ்சம் உரக்க. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அன்றைக்குக் கூப்பிட்டபோது எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மனைவி பாத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எதுக்குக் கத்துறீங்க? தெருவுல எல்லாருக்கும் கேட்டாச்சு. உள்ள வாங்க."